மகட்போக்கிய தாய்: தமிழ் மரபில் பெற்றோரின் துயரும் சினமும்

பருவத்தின் வாசலில் நிற்கும் மகள் தாங்கள் ஒப்பாத ஒருவன்மீது மனம் வைத்திருக்கிறாள் என்று தெரியவரும்போது பெற்றோரின் உள்ளத்தில் எழும் அச்சம், நாணம், சினம், பிரிவுத் துயர் ஆகியவை தமிழில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பாடப்பட்டும் இலக்கணம் வகுக்கப்பட்டும் உரை எழுதப்பட்டும் வந்துள்ளன. காதலர் இருவரின் கூற்றுகளே அகப்பாடல்களில் மிகுதி என்றாலும், அவர்களைப் பெற்றவர்களும் வளர்த்தவர்களும் என்ன நினைத்தார்கள் என்பதற்கும் அம்மரபு தனியிடம் ஒதுக்கியது. அந்த இடம் எவ்வாறு உருவாகி, பிற்காலத்தில் எவ்வாறு மாறி, இன்றைய சட்டங்களின் காலத்தில் எந்த நிலையை அடைந்திருக்கிறது என்பதை வரிசைப்படுத்திக் காண்பது, பெற்றோரின் மான உணர்ச்சியைக் காரணம் காட்டி வன்முறைகள் நிகழ்த்தப்படும் இக்காலத்தில் இன்றியமையாதது ஆகும்.

பழந்தமிழ் அகமரபு காதல் வாழ்வைக் களவு, கற்பு என இரண்டாகப் பகுத்தது. பெற்றோரும் ஊரும் அறியாதவாறு தலைவனும் தலைவியும் பழகுவது களவு. பலரறிய மணந்து இல்லறம் நடத்துவது கற்பு. களவு வெளிப்பட்டும் பெற்றோர் மணத்துக்கு இசையாதபோது, அல்லது இசையமாட்டார்கள் என்று தலைவி அஞ்சும்போது, அவள் தலைவனோடு ஊரைவிட்டுச் செல்வது உடன்போக்கு எனப்பட்டது. இவை யாவும் நடந்ததை நடந்தவாறே எழுதிவைத்த பதிவுகள் அல்ல. உலகியல் வழக்கும் நாடக வழக்கும் கலந்த புலனெறி வழக்கம் என்றே தொல்காப்பியம் இவற்றைக் குறிக்கிறது. எனினும், ஒரு சமூகம் எந்த உணர்ச்சியைப் பாடத் தகுந்தது என்று கருதியது, எந்தச் செயலை அறத்தின்பாற்பட்டது என ஏற்றது என்பதை அறிய இப்பாடல்களைவிட நேரான சான்று வேறில்லை.

அறிந்தும் அறியாதவளாக

களவு வெளிப்படத் தொடங்கும் நிலையை அம்பல், அலர் என்னும் இரு சொற்கள் சுட்டும். சிலரிடையே முணுமுணுப்பாக உலவும் பேச்சு அம்பல். ஊரறியப் பரவிய பேச்சு அலர். தாயின் முதல் வேதனை பெரும்பாலும் இப்பேச்சு காதில் விழும் நாளில்தான் தொடங்குகிறது. பாடல்களில் தாய் இருவராகக் காட்டப்படுவதையும் இங்கே குறிப்பிட வேண்டும். பெற்றவள் நற்றாய், பாலூட்டி வளர்த்தவளும் தோழியின் தாயுமாகியவள் செவிலித்தாய். மகளின் மாற்றங்களை முதலில் கண்டுகொள்பவளாகப் பெரும்பாலும் செவிலியே அமைகிறாள்.

நற்றிணையின் 143-ஆம் பாடலில் வரும் தாய் இந்நிலைக்கு மிக நுட்பமான எடுத்துக்காட்டு. ஊர்ப்பெண்கள் தன் மகளைப் பற்றிப் பேசிய கொடுஞ்சொற்களைக் கேட்டபிறகும் சில நாள் அவள் மகளிடம் எதையும் கேட்கவில்லை. ஒன்றும் அறியாதவள்போல மூச்சையும் அடக்கிக்கொண்டு இருந்தாள். ஒரே ஒரு நாள், மகளின் கூந்தலில் புதிய நறுமணம் வீசுகிறது என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு சொல்லே மகளுக்குப் போதுமானதாக இருந்தது, அவள் போய்விட்டாள். தான் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லையே என்று பின்னர்த் தாய் வருந்துகிறாள். கேட்டால் மகள் விலகிவிடுவாளோ என்ற அச்சமும், கேளாமல் இருந்தால் நிலைமை கைமீறிவிடுமோ என்ற தவிப்பும் ஒரே நேரத்தில் வாட்டும் பெற்றோர் மனத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

எல்லாத் தாயரும் இவ்வாறு அமைதி காக்கவில்லை. மகள் வளர்ந்துவிட்டாள் என்பதை உணர்ந்து அவளை வீட்டுக்குள்ளேயே காவலில் வைப்பது இற்செறிப்பு எனப்பட்டது. அகநானூற்றின் 150-ஆம் பாடலில் தாய் மகளை இறுகத் தழுவி, நெடுநேரம் எண்ணி, அதன்பின் அவளைக் கடுங்காவலுக்கு உட்படுத்துகிறாள்; தழுவலும் காவலும் ஒரே மனத்திலிருந்து அடுத்தடுத்துப் பிறப்பதைப் புலவர் மறைக்கவில்லை. காவலால் மகள் மெலியும்போது அம்மெலிவின் காரணம் தாய்க்குப் புலப்படுவதில்லை. முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி பார்க்கும் கட்டுவிச்சியும், கழங்குக் காய்களை உருட்டிக் குறி சொல்லும் வேலனும் அழைக்கப்படுகின்றனர். வேலன் என்பவன் முருகனுக்கு வழிபாடு செய்யும் பூசாரி. மகளை முருகன் வருத்துகிறான் என்று அவன் கூற, ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு வெறியாட்டு நடைபெறுகிறது. நோய்க்குக் காரணம் தெய்வம் என்று நம்புவது, மகளின் விருப்பத்தை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் நாளைத் தள்ளிப்போடத் தாய்க்கு உதவியது எனலாம்.

ஒரு பகல் நீடித்த சினம்

உண்மையைப் பெற்றோரிடம் கொண்டுசேர்க்க அகமரபு ஒரு முறையான வழியை வகுத்திருந்தது. அறத்தொடு நிற்றல் என்னும் அம்முறையில் தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் படிப்படியாக உணர்த்துவர். செய்தி ஒவ்வொரு கையாக மாறிச் செல்லும்போது, முதல் அதிர்ச்சியின் கூர்மை குறைந்து, கேட்பவர் சிந்திக்க இடம் கிடைக்கிறது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளில் இந்த ஒரு செயலை மட்டுமே விரிக்கிறது: மகளின் நோய்க்கு மருந்து தேடி அலையும் செவிலியிடம் தோழி அவள் சினத்துக்கு அஞ்சியவாறே பணிவாக உண்மையைச் சொல்கிறாள். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் இயல்பை அறிவிப்பதற்காகக் கபிலர் இதைப் பாடினார் என்று பழைய குறிப்பு கூறுகிறது. அயலவர் ஒருவருக்குத் தமிழ் மரபின் சாரத்தைக் காட்ட விரும்பிய புலவர், ஒரு பெண் தன் காதலைத் தாயிடம் தெரிவிக்கும் இக்கட்டத்தையே தேர்ந்தெடுத்தார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

தந்தையும் தமையன்மாரும் அகப்பாடல்களில் பெரும்பாலும் பேசுவதில்லை. அவர்கள் குறிப்பினாலேயே செய்தியை உணர்வர் என்பது தொல்காப்பியக் களவியலின் கருத்து. அவர்களுடைய சினம் வெளிப்படையாகக் காட்டப்படும் அரிய இடம் கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் உள்ளது. நற்றாய் செய்தியைச் சொன்னதும் ஆண்கள் அம்பைப் பார்க்கின்றனர், வில்லைப் பார்க்கின்றனர், கண் சிவக்கின்றனர். பகல் முழுவதும் அவர்களுடைய கொதிப்பு நீடிக்கிறது. அதன்பின் தணிந்து, காதலர் இருவரிடத்தும் குற்றமில்லை என்று தேர்ந்து, தலை கவிழ்ந்து மணத்துக்கு உடன்படுகின்றனர். சினமே எழக்கூடாது என்று இப்பாடல் சொல்லவில்லை. வில்லும் அம்பும் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தன என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அச்சினத்துக்கு ஒரு பகலை எல்லையாக வைத்து, அதன் முடிவில் ஆராய்ந்து தெளியும் பொறுப்பை ஆண்கள்மீது சுமத்துகிறது. தமிழ் மரபு தந்தைக்கும் தமையனுக்கும் வகுத்த நெறி இதுவே.

போன மகளின் பின்னே

பெற்றோர் உடன்படாத இடங்களில் உடன்போக்கு நிகழ்கிறது. அந்தப் புறப்பாட்டின் ஒரு காட்சியைக் கயமனார் நற்றிணையில் தீட்டியுள்ளார். விடியலுக்கு முன்னரே எழுந்து தயிர் கடையும் ஒலி வீட்டில் எழுகிறது. அந்த நேரத்தில், காலில் ஒலிக்கும் சிலம்பைக் கழற்றித் தன் வரிப்பந்தோடு வைத்துவிட்டுப் போக நினைக்கும் பெண், அவற்றைக் காணும் தோழியர் எவ்வளவு வருந்துவர் என்று எண்ணிக் கண்ணீர் விடுகிறாள். சிலம்பும் பந்தும் ஓரிடத்தில் கிடப்பதே அவள் எவ்வளவு இளையவள் என்பதைக் காட்டிவிடுகிறது. மகளைப் பிரிந்த தாயின் குரலைத் தமிழில் மிகுதியாகப் பாடியவர்களுள் இக்கயமனார் தலைசிறந்தவர். அகநானூறு, நற்றிணை, குறுந்தொகை ஆகிய மூன்று தொகைகளிலும் அவருடைய பாடல்கள் இத்துயரையே சுற்றி வருகின்றன.

மகள் சென்றபின் தாயின் உள்ளத்தில் எழும் உணர்ச்சிகள் ஒன்றோடொன்று முரண்படுபவை. நற்றிணையில் ஒரு தாய், தன் ஒரே மகள் நேற்று ஓர் இளைஞனோடு அரிய மலைவழியே போய்விட்டதைச் சொல்லி, துயரைப் பொறுத்துக்கொள் என்று ஆறுதல் கூறுவோரிடம், அவள் விளையாடிய நொச்சியையும் திண்ணையையும் பார்க்கும்போது எப்படிப் பொறுப்பது என்று கேட்கிறாள். கயமனாரின் மற்றொரு தாய், மகளைத் தன் சொல்லுக்கு இணங்கச் செய்து கூட்டிச்சென்ற இளைஞனைச் சபிப்பதற்கு மாறாக, அவனைப் பெற்றவளும் தன்னைப்போல நடுங்கித் துயருறட்டும் என்று சபிக்கிறாள். இதற்கு நேர் எதிராக, ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில் ஓதலாந்தையார் பாடிய ‘மகட்போக்கிய வழித் தாயிரங்கு பத்து’ ஒரு வாழ்த்துடன் தொடங்குகிறது. இதுவே அறநெறி என்று தெளிந்து தன் மகள் சென்ற வழியில் மழை பெய்து, அந்தச் சுரம் அவளுக்கு இனிதாகட்டும் என்று அத்தாய் வேண்டுகிறாள். தன்னை விட்டுப் போனவளின் முடிவை அறம் என ஏற்கும் இந்தத் தாயும், அவனுடைய தாயைச் சபிக்கும் அந்தத் தாயும் ஒரே மரபின் இரு முகங்கள். இரண்டையும் பாடலாம், இரண்டும் பெற்ற மனத்தின் உண்மை என்று அம்மரபு ஏற்றுக்கொண்டது.

சில தாயர் தேடிச் செல்கின்றனர். ஊர்ச்சேரியிலும் பாலை வழியிலும் மகளைத் தேடிப் போகும் தாயரும் உண்டு என்று தொல்காப்பியமே அவர்களுக்கு இடமளிக்கிறது. குறுந்தொகையில் வெள்ளிவீதியார் காட்டும் செவிலி, கால் தளர்ந்து, எதிர்வருவோரைப் பார்த்துப் பார்த்துக் கண்ணொளி இழந்து, உலகத்தில் வானத்து மீன்களைவிட மிகுதியான பிறர் இருக்கிறார்களே, தான் தேடும் இருவரை மட்டும் காணவில்லையே என்று சோர்ந்து நிற்கிறாள். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் கலித்தொகைப் பாடலில் செவிலி வழியில் வரும் முக்கோல் தாங்கிய துறவியரிடம், தன் மகளையும் வேறொருத்தியின் மகனையும் கண்டீர்களா என்று கேட்கிறாள். கண்டோம் என்று சொல்லும் அவர்கள், மலையில் பிறந்தாலும் சந்தனம் பூசுபவருக்கே பயன்படும், கடலில் பிறந்தாலும் முத்து அணிபவருக்கே பயன்படும், யாழில் பிறந்தாலும் இசை கேட்பவருக்கே பயன்படும், உம் மகளும் அத்தகையவளே என்று அறிவுறுத்துகின்றனர். பிள்ளை பெற்றோரின் உடைமை அன்று என்னும் கருத்தை, அத்துயரின் நடுவிலேயே, அதைக் கேட்கும் நிலையில் இருக்கும் ஒரு தாயிடம் மெல்ல எடுத்துச் சொன்ன பாடல் இது.

திரும்பி வரும் வழி

உடன்போக்குக்குப் பின் மீளும் வழி அடைபடவில்லை என்பது இம்மரபின் சிறப்பான கூறு. ஐங்குறுநூற்றில் தாயிரங்கு பத்துக்குச் சற்றுப் பின்னரே ‘மறுதரவுப் பத்து’, அதாவது மகள் திரும்பிவருவதைப் பாடும் பத்து, அமைக்கப்பட்டுள்ளது. கன்னிப்பருவத்தில் அணிந்த காற்சிலம்பை மணத்துக்கு முன் களைவது சிலம்புகழி நோன்பு என்னும் சடங்கு. அச்சடங்கைத் தலைவன் வீட்டார் தங்கள் மனையிலேயே நடத்திவிட்டார்கள் என்றாலும், திருமணத்தையாவது எங்கள் வீட்டில் நடத்தக்கூடாதா என்று தலைவியின் நற்றாய் தலைவனுடைய தாய்க்குச் சொல்லி அனுப்புமாறு கேட்கிறாள். அகநானூற்றில் கயமனார் பாடிய ஒரு தாயும், தலைவனின் தாய் தன் வீட்டை அணிசெய்து மருமகளை வரவேற்கக் காத்திருப்பதைக் கேள்வியுற்று, மகளை அவன் முதலில் தன்னிடம் கொண்டுவருவானா, அவன் தாயிடம் கொண்டுசெல்வானா என்று வேலனைக் கழங்கு பார்த்துச் சொல்லுமாறு வேண்டுகிறாள். சினம் முற்றிலும் அடங்கியபின் எஞ்சியிருப்பது, மகளின் மணத்தில் தனக்கும் ஒரு பங்கு கிடைக்குமா என்னும் ஏக்கம் மட்டுமே.

இலக்கண நெறியிலும் உடன்போக்கு மணத்துக்கு இடமிருந்தது. கொடுப்பதற்கு உரிய பெற்றோர் கொடுக்கக் கொள்வதே கரணம், அதாவது மணச்சடங்கு, என்று வரையறுக்கும் தொல்காப்பியக் கற்பியல், அடுத்தபடியாகக் காதலர் உடன்போகிய காலத்தில் கொடுப்பவர் இல்லாமலும் கரணம் உண்டு என்று விதிவிலக்கு வகுக்கிறது. பெற்றோரின் இசைவை உயர்ந்ததாக மதித்த அதே நூல், அவ்விசைவு கிட்டாத மணத்தையும் மணமாகவே ஏற்றது என்பதை மரபின் பெயரால் பேசுவோர் மறந்துவிடுகின்றனர்.

இம்மரபின் ஒரு குறையையும் மறைக்கலாகாது. தலைவனுக்குப் பதினாறும் தலைவிக்குப் பன்னிரண்டும் வயது என்று உரையாசிரியர்கள் குறிக்கின்றனர். சிலப்பதிகாரத்தில் மணநாளில் கோவலனுக்கும் கண்ணகிக்கும் சொல்லப்படும் வயதும் அதுவே. இன்றைய அறிவின்படி இது குழந்தைப் பருவம். ஆகவே, அகப்பாடல்கள் பெற்றோரின் மனநிலைக்குச் சான்றாகுமே தவிர, மணவயதுக்குச் சான்றாக மாட்டா.

பக்தியும் கதைப்பாடலும்

பிற்காலத்தில் இத்தாயின் குரல் அழிந்துவிடவில்லை. முத்தொள்ளாயிரத்தில் உலா வரும் அரசனைக் காண மகளிர் கதவைத் திறப்பதும் தாயர் அடைப்பதுமாகக் கதவின் குடுமியே தேய்ந்துபோகிறது. ஆழ்வார்கள் தாயின் கூற்றாகப் பாடிய தாய்ப்பாசுரங்களில், வீட்டைவிட்டுப் போன மகள் இறைவனைத் தேடிச் செல்பவளாகிறாள். நம்மாழ்வாரின் தாய் திருக்கோளூருக்குப் போய்விட்ட மகளையும், திருமங்கையாழ்வாரின் தாய் வயலாலிக்குப் போன மகளையும் எண்ணிப் புலம்புகின்றனர். பெரியாழ்வாரும் அவ்வாறே பாடினார். மானிடர் எவரையும் மணக்க மறுத்த ஆண்டாளின் தந்தை அவரே என்பதை நினைவில் கொண்டு படிப்பவருக்கு, அப்பாசுரங்களில் தாயின் குரலுக்கு உள்ளே ஒரு தந்தையின் குரலும் கேட்கும்.

சாதி அடுக்குகள் இறுகிய காலத்துக் கதைப்பாடல்கள் வேறு உலகத்தைக் காட்டுகின்றன. அகப்பாடல்களில் தாயின் கவலை பெரும்பாலும் மகள் செல்லும் வழியைப் பற்றியும், புகும் வீட்டின் வளத்தைப் பற்றியும் இருந்தது. கதைப்பாடல்களில் கவலையின் இடத்தைக் குலம் பிடித்துக்கொள்கிறது. காத்தவராயன் கதையில், குலம் கடந்து ஆரியமாலை என்னும் பெண்ணை விரும்பிய அவன் கழுவேற்றப்படுகிறான். முத்துப்பட்டன் கதையில், செருப்புத் தைக்கும் குலத்தில் பிறந்த பொம்மக்கா, திம்மக்கா என்னும் சகோதரியரை மணக்க விரும்பும் பிராமண இளைஞனிடம், பெண்களின் தந்தை வாலப்பகடை பூணூலையும் குடுமியையும் நீக்கித் தங்கள் தொழிலைக் கற்றுக்கொண்டால்தான் பெண் தருவதாகக் கூறுகிறான். உயர்ந்த குலத்தவன் இன்று விரும்பி நாளை கைவிட்டால் தன் மக்களின் கதி என்னவாகும் என்னும் ஒடுக்கப்பட்ட தந்தையின் நியாயமான அச்சம் அந்த நிபந்தனையில் உள்ளது. முத்துப்பட்டன் நிபந்தனையை ஏற்றுக்கொள்கிறான்; அவனும் மனைவியரும் இன்றும் பாபநாசம் அருகே சொரிமுத்து அய்யனார் கோயிலில் வணங்கப்படுகின்றனர். தென்மாவட்டங்களில், காதலின் பொருட்டுத் தந்தையாலும் தமையன்மாராலும் கொல்லப்பட்ட பெண்களைத் தெய்வமாக வழிபடும் சிறுகோயில்களும் உள்ளன. கொன்ற குடும்பத்தின் வழித்தோன்றல்களே அத்தெய்வத்துக்கு அஞ்சிப் படையலிடுவதுண்டு. ஒரு பகலில் தணிய வேண்டிய சினம் தணியாதபோது, அதன் குற்ற உணர்வு தலைமுறைகளைக் கடந்தும் நீங்கவில்லை என்பதற்கு அக்கோயில்கள் சாட்சி.

சட்டங்களின் காலம்

இருபதாம் நூற்றாண்டில் வயதும் இசைவும் சட்டத்தின் ஆட்சிக்குள் வந்தன. சாரதா சட்டம் எனப்படும் 1929-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெண்ணின் மணவயதை 14 ஆகவும் ஆணின் மணவயதை 18 ஆகவும் வரையறுத்தது. 1978-இல் அவை 18, 21 என உயர்ந்தன. சுயமரியாதை இயக்கம் சாதியையும் புரோகிதத்தையும் விலக்கிய திருமணங்களை முன்னெடுத்தது. 1967-இல் அண்ணாவின் ஆட்சியில் நிறைவேறிய சட்டத்திருத்தம் அவற்றுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் சமயம் கடந்த மணத்துக்கு வழி செய்தாலும், அது வலியுறுத்தும் 30 நாள் முன்னறிவிப்பு, பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சும் இணையருக்கு இடராகவே இருந்து வருகிறது.

பெற்றோரின் உணர்ச்சியும் சட்டமும் நேருக்கு நேர் சந்தித்த முக்கியமான வழக்கு ஒன்று சென்னையிலேயே எழுந்தது. 1960-இல், 18 வயது நிறையச் சில வாரங்களே இருந்த கல்லூரி மாணவி ஒருவர் தாம் விரும்பியவரையே மணப்பதாகக் கூற, தந்தை அவரை அந்த இளைஞரிடமிருந்து விலக்கிவைக்கும் நோக்கத்துடன் கோடம்பாக்கத்தில் ஓர் உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். மறுநாளே மாணவி தொலைபேசியில் இளைஞரை அழைத்துத் தாமாகவே அவருடன் சென்றுவிட, ஆள்கடத்தல் வழக்கு தொடரப்பட்டு இளைஞர் தண்டிக்கப்பட்டார். 1964-இல் உச்ச நீதிமன்றம், தன் செயலை உணர்ந்த பெண் தானாக வெளியேறிவந்து உடன்செல்வதைக் கடத்திச் செல்வதாகக் கொள்ள முடியாது என்று கூறி அவரை விடுவித்தது. இற்செறிப்பும் உடன்போக்கும் ஈராயிரம் ஆண்டு கடந்து நீதிமன்ற ஆவணத்தில் மீண்டும் இடம்பெற்றன. தாயிரங்கு பத்துக்குரிய இடத்தை மட்டும் காவல்நிலையப் புகார் பிடித்துக்கொண்டது.

2012-இல் இயற்றப்பட்ட போக்சோ சட்டம், 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தைகளாகக் கருதிப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிறது. இப்பாதுகாப்பு இன்றியமையாதது. ஆனால் பதின்பருவத்தினரின் விருப்பத்தை முறிக்க விரும்பும் பெற்றோர் அதையே கருவியாகக் கொள்வதும் நிகழ்கிறது. பதின்பருவ ஈர்ப்பில் சிக்கிய இளைஞனைக் கொடுங்குற்றவாளியாக்கித் தண்டிப்பது அச்சட்டத்தின் நோக்கமன்று என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. 2018-இல் உச்ச நீதிமன்றம், வயதுவந்த இருவர் மணந்துகொள்ளக் குடும்பத்தின் இசைவோ சமூகத்தின் இசைவோ தேவையில்லை என்று தெளிவாகத் தீர்ப்பளித்தது.

பெற்றோரின் அச்சம் பொய்யன்று. பள்ளிப்பருவத்தில் இருக்கும் பிள்ளையைத் தவறான உறவிலிருந்தும் காலத்துக்கு முந்திய மணத்திலிருந்தும் காப்பது அவர்களுடைய கடமை. அதைச் சட்டமும் ஏற்கிறது. கேட்கத் தயங்கி மூச்சடக்கியிருந்த நற்றிணைத் தாயின் இழப்பு, உரிய காலத்தில் பிள்ளையிடம் அச்சுறுத்தாமல் பேசுவதன் தேவையை உணர்த்துகிறது. ஆனால் வயதுவந்த மகளோ மகனோ தம் விருப்பப்படி துணையைத் தேர்ந்தபின் எழும் சினத்தைத் தமிழ்ப் பண்பாட்டின் பெயரால் நியாயப்படுத்த இம்மரபில் இடமே இல்லை. பெற்ற மனம் அழலாம், தேடலாம், சபிக்கவும் செய்யலாம். கையிலெடுத்த வில்லை மாலைக்குள் கீழே வைத்துவிட வேண்டும் என்பதே பழந்தமிழர் வகுத்த நெறி. பிள்ளையைக் கொன்று காக்கப்படும் மானம் எதையும் தொல்காப்பியமோ தொகைநூல்களோ அறியா.